டோலியும் சக்கர நாற்காலியும்: வேங்கடமலை முதல் ரேணிகுண்டா வரை

வேங்கடத்தைப் பற்றி எழுதப் புகுந்த நம்மவர்கள் பெரும்பாலும் எல்லையைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். தொல்காப்பியப் பாயிரம் அம்மலையைத் தமிழகத்தின் வட வரம்பாகக் குறிப்பதும், 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அங்கே சேர்ந்ததும், ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், 1960 ஏப்ரல் 1 அன்று படாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி நம் பக்கம் வந்ததும் இத்தகைய மலர்களைப் படிக்கும் அன்பர்களுக்குப் புதிய செய்திகள் அல்ல. நான் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அந்த மலைக்கு இன்னொரு வரலாறு. கால் இல்லாதவர்கள், கால் இருந்தும் ஏற முடியாதவர்கள், மூட்டு தேய்ந்த கிழவிகள், போலியோ கண்ட பிள்ளைகள் எல்லாம் எப்படிப் பயணம் போனார்கள் என்பதை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். கல்வெட்டில் தேர்த் திருப்பணி கிடைக்கிறது, நந்தவனத்துக்கு விட்ட நிலம் கிடைக்கிறது. தூக்கிக்கொண்டு போனவனும் தூக்கப்பட்டவனும் கிடைப்பது அரிது. ஆகவே ஏட்டிலிருந்து கொஞ்சம், வீட்டுப் பெரியவர்கள் வாய்மொழியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கோத்திருக்கிறேன்.

நான் சித்தூர்க்காரன். வீட்டிலே தமிழ், தெருவிலே தெலுங்கு. அப்பாவை நைனா என்றும் பாட்டியை ஆயா என்றும் கூப்பிடும் வட்டாரம். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்துக்கே தலைநகரமாய் இருந்த ஊர். அந்த ஆண்டில்தான் தனி மாவட்டமாகி, தலைநகரம் என்ற பெருமை வேலூருக்குப் போயிற்று. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது. ஆனால் எங்கள் பக்கத்துப் பேச்சில் சித்தூரும் திருப்பதியும் இன்னமும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள் மாதிரிதான்.

முழங்கால் மேடு

திருமலை கடல் மட்டத்துக்கு மேல் 853 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அலிபிரியிலிருந்து போகும் பாதையில் சுமார் 3,550 படிகள். சீனிவாச மங்காபுரம் பக்கமாக ஏறும் ஸ்ரீவாரி மெட்டு தூரத்தில் குறைவு, 2,388 படிகள் என்பது கணக்கு. ஆனால் மூச்சு வாங்கிவிடும். அலிபிரிப் பாதையின் பிற்பகுதியில் ‘மோகாள்ள மிட்டா’ என்று ஓர் ஏற்றம் உண்டு. மோகாலு என்றால் தெலுங்கில் முழங்கால். முழங்கால் மேடு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். ஆதிசேடனின் வடிவான மலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் இராமானுசர் முழங்காலாலேயே ஏறினார் என்பது வைணவ மரபு. சாதாரண சனங்களுக்கு அந்தப் பெயர் வேறு விதமாகப் புரிந்தது: முழங்கால் நெற்றியில் இடிக்கிற அளவுக்குச் செங்குத்து, அவ்வளவுதான்.

படி என்பது நம் பக்தி மரபில் சின்ன விஷயம் அல்ல. கருவறை முன் இருக்கும் வாசற்படிக்கே குலசேகரன் படி என்று பெயர். அந்த ஆழ்வார், மலையில் ஒரு படியாகவாவது இருந்து இறைவன் முகம் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். படியாக இருக்க ஆசைப்பட்டவருக்குப் பெயர் நின்றது. படியைத் தாண்ட முடியாமல் கீழேயே நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று யார் எண்ணினார்கள்?

அவர்களில் கையில் காசு இருந்தவர்களுக்கு டோலி இருந்தது. ஒரு மூங்கில் கழி, அதிலே தொங்கும் இருக்கை, முன்னும் பின்னும் தோள் கொடுக்கும் ஆட்கள். என் ஆயா தன் மாமியாரை 1930களில் அப்படி மேலே கொண்டுபோன கதையைச் சொல்வாள். “அவங்க கொஞ்சம் கனத்த சரீரம்டா. நாலு ஆளு தூக்கினாங்க. காளி கோபுரம் வர்றதுக்குள்ள ரெண்டு தரம் கூலிய ஒசத்திட்டாங்க. நடுக்காட்டுல எறக்கி வெச்சிட்டா என்ன பண்றது, கேட்டதக் குடுத்தோம்.” ஆயா இதைக் குறையாகச் சொன்னதில்லை. தூக்கினவர்களுக்கும் வயிறு உண்டு என்பாள். ஆனால் அந்தக் கதையில் எனக்கு எப்போதும் உறைத்தது ஒன்றுண்டு. மேலே இருந்த அந்தக் கிழவி வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லையாம். தூக்கப்படுகிறவர் பேரம் பேச முடியாது.

காசு இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? கீழ்த்திருப்பதி கோவிந்தராசரையும் திருச்சானூர்த் தாயாரையும் சேவித்துவிட்டுத் திரும்பினார்கள். இரண்டும் சமதளக் கோயில்கள். சித்தூர்ப் பக்கத்துக் கிழங்கட்டைகள் காணிப்பாக்கத்துப் பிள்ளையாரிடம் போய், “மலைக்கு வர முடியல, நீயே சொல்லிடுப்பா” என்று வேண்டிக்கொள்வதும் உண்டு. முடிகாணிக்கையைப் பேரனிடம் கொடுத்து அனுப்ப முடியாது என்பதால் சிலர் கடன் பாக்கியோடு செத்தேபோனார்கள் என்று ஆயா சொல்வாள்.

இருப்புப்பாதையும் மலைப்பாதையும்

இரயில் வந்தது பெரிய மாற்றம்தான். சென்னையிலிருந்து வடமேற்கே போட்ட பாதை 1871-இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு இணைந்தது. அந்தத் தடத்தில் ரேணிகுண்டா ஒரு நிலையம். பிறகு காட்பாடியிலிருந்து சித்தூர், பாக்காலா வழியாகத் திருப்பதிக்கு மீட்டர் பாதை வந்தது. ஆனால் இரயில் மலையடிவாரத்தோடு நின்றுவிட்டது. பெட்டியின் படியோ, சொல்லவே வேண்டாம். தாழ்ந்த நடைமேடையிலிருந்து பெட்டிக்குள் ஏறுவதற்கு இன்றைக்கும் பிள்ளைகள் தாத்தாவைப் பின்னாலிருந்து தள்ளத்தான் செய்கிறார்கள்.

உண்மையான திருப்பம் 1944 ஏப்ரல் 10. மகந்துகளின் நிர்வாகம் முடிந்து தேவஸ்தானம் ஏற்பட்டுப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் முதல் மலைச்சாலையைத் திறந்துவைத்தார். அது யுத்த காலம் என்பதை நினைக்க வேண்டும். முப்பதுக்கு மேற்பட்ட கொண்டையூசி வளைவுகள் கொண்ட அந்தச் சாலை, ஆயிரம் ஆண்டுகளாகக் கீழேயே நின்றவர்களை ஒரே நாளில் மேலே ஏற்றியது என்றால் அது மிகையன்று. 1974-இல் இரண்டாவது சாலை வந்தபின் பழைய சாலை இறங்குவதற்கும் புதிய சாலை ஏறுவதற்கும் என்று பிரித்துவிட்டார்கள்.

ஊனமுற்றோருக்காக அந்தச் சாலையைப் போட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த ஆவணமும் அப்படிச் சொல்லவில்லை. எல்லோருக்குமாகப் போட்ட சாலை அவர்களையும் ஏற்றிக்கொண்டது. இந்தச் செய்தியைப் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். வானூர்தி நிலையக் கதைக்கு இது தேவைப்படும். பழனியில் 1966-இல் இழுவை இரயிலும் 2004-இல் ரோப் காரும் வந்தபோதும் இதுவே நடந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சோளிங்கர் யோக நரசிம்மர் மலையில் 1,305 படிகள். அங்கே ரோப் கார் ஓடத் தொடங்கியது 2024 மார்ச்சில்தான். நைனா அந்தச் செய்தியைப் பார்க்க இல்லை.

வேலூரில் ஒரு மருத்துவர்

சித்தூரிலிருந்து வேலூர் ஒரு மணி நேரப் பயணம். எங்கள் ஊரில் யாருக்கு எது வந்தாலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான். அங்கே மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954-இல் வாகன விபத்தொன்றில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் அப்போது தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை மீண்டும் வேலை செய்ய வைக்கும் அறுவையை அங்கே வளர்த்துக்கொண்டிருந்தார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அந்த அறுவைகளைக் கற்றுச் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கும், அமெரிக்காவில் நியூயார்க்குக்கும் போய் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அதற்கென்று தனித் துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவாயிற்று. 1972-இல் பத்மஸ்ரீ, 1986-இல் மறைவு.

வரலாற்றுக் கட்டுரையில் இவரை நான் ஏன் இழுக்கிறேன் என்றால், நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அந்த வீட்டின் வாசற்படி என்ன உயரம் என்று கேட்கிற மருத்துவத்தை நம் வட்டாரத்தில் நிலைநாட்டியவர் இவர் என்பதால்தான். அதற்கு முன் கால் போனால் போனதுதான், கிடக்க வேண்டியதுதான். திருப்பதியிலும் தேவஸ்தானம் 1980களில் ஊனமுற்றோருக்காக ‘பர்ட்’ என்று சுருக்கமாக வழங்கும் அறுவை மருத்துவமனையை ஏற்படுத்தியது. போலியோவால் கால் சூம்பிய பிள்ளைகள் அங்கே வரிசையாய் உட்கார்ந்திருந்ததைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் கடைசி இயற்கைப் போலியோ 2011 சனவரியில் பதிவாயிற்று. 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்த பகுதியாகச் சான்றளித்தார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் எங்கும் போய்விடவில்லை. இன்று அவர்களுக்கு நாற்பதும் ஐம்பதும் வயது. சிலர் அரசு வேலையில் இருக்கிறார்கள், சிலர் நம்மைப் போல வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். விமானம் ஏறுகிறார்கள்.

படி திரும்பி வந்தது

ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி வானூர்தி நிலையம் நீண்ட காலம் சின்னஞ்சிறு நிலையமாகத்தான் இருந்தது. ‘கருடா’ என்று பெயரிட்ட புதிய முனையத்தைப் பிரதமர் மோடி 2015 அக்டோபர் 22 அன்று திறந்துவைத்தார். ஒரே நேரத்தில் 700 பயணிகளைக் கொள்ளும் அளவு. 2017-இல் பன்னாட்டு நிலையம் என்ற தகுதியும் கிடைத்தது. பெருமாளின் வாகனம் கருடன் என்பதால் பெயர்ப் பொருத்தத்துக்குக் குறைவில்லை.

வானூர்தியில் ஏறுவது என்பதை முனையத்தின் பளபளப்பை வைத்து எடைபோடக் கூடாது. கழிப்பறையில் கைப்பிடி இருக்கலாம், வாசலில் சாய்தளம் இருக்கலாம். தரைக்கும் விமானக் கதவுக்கும் நடுவே உள்ள உயரம்தான் கேள்வி. ஏர்பஸ், போயிங் விமானங்களுக்கு அது ஒரு மாடி உயரம். பெரிய நிலையங்களில் கட்டடத்திலிருந்து நேராகக் கதவுக்கு நீளும் பாலம் இருக்கிறது. அமெரிக்காவில் 1959 வாக்கில் புழக்கத்துக்கு வந்த இந்தப் பாலமும், திருமலைச் சாலையைப் போலவே, ஊனமுற்றோரை நினைத்து வந்ததல்ல. மழையில் நனையாமல், நேரம் வீணாகாமல் கூட்டத்தை ஏற்றத்தான் வந்தது. சக்கர நாற்காலிக்காரருக்கு அது தற்செயலாகக் கிடைத்த வரம்.

பாலம் இல்லாத இடத்தில் என்ன ஆகும்? மூன்று வழிகள். நீண்ட சாய்தளத்தை உருட்டிக்கொண்டு வந்து கதவோடு சேர்ப்பது ஒன்று. இந்தியாவில் இண்டிகோ நிறுவனம் படிக்குப் பதிலாக இத்தகைய சாய்தளங்களை எல்லாப் பயணிகளுக்குமே பயன்படுத்தியது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஏற்பாடு. இரண்டாவது ஆம்புலிஃப்ட்: ஒரு வண்டியின் மேல் சிற்றறை, அது நாற்காலியோடு உள்ளவரைத் தூக்கிக் கதவு மட்டத்துக்குக் கொண்டுபோகும். பாலமில்லாத சிறு நிலையங்களுக்கு இந்திய வானூர்தி நிலைய ஆணையம் இவற்றை வாங்கித் தரத் தொடங்கியது கடந்த சில ஆண்டுகளில்தான். மூன்றாவது வழி என்னவென்றால், நான்கு பேர் நாற்காலியோடு படியில் தூக்கிக்கொண்டு போவது. அதாவது டோலி. என் ஆயாவின் மாமியார் காளி கோபுரத்துக்குப் போன அதே முறை, மூங்கில் கழி மட்டும் இல்லை.

உள்ளே போனாலும் முடிந்துவிடவில்லை. இருக்கைகளுக்கு நடுவே உள்ள வழி ஒன்றரை அடி அகலம்தான். நம் சொந்த நாற்காலி அதில் நுழையாது. ஒடுக்கமான வேறொரு நாற்காலிக்கு மாற்றி, பட்டை கட்டி, இடித்துக்கொண்டே கொண்டுபோக வேண்டும். சொந்த நாற்காலி சரக்கறைக்குப் போகும். மடக்கு நாற்காலியை 1930களில் எவரெஸ்ட், ஜென்னிங்ஸ் என்ற இரு அமெரிக்கப் பொறியாளர்கள் காரின் பின்னால் வைக்கத் தோதாக வடிவமைத்தார்கள். அதில் ஒருவர் தாமே முதுகுத்தண்டு அடிபட்டவர். இன்றைய மின் நாற்காலிகளோ அப்படி மடங்காது. போன இடத்தில் சக்கரம் உடைந்து வந்தால் அந்த ஆளுக்குக் கால் உடைந்த மாதிரிதான்.

சட்டம் வந்த வழி

நாம் வாழும் இந்த அமெரிக்க நாட்டில்கூடச் சட்டம் தானாக வரவில்லை. வானூர்தி நிலையங்களுக்கு அரசுப் பணம் போகிறது, எனவே அங்கே இயங்கும் விமான நிறுவனங்களும் பாரபட்சம் காட்டக்கூடாது என்று ஊனமுற்ற முன்னாள் படைவீரர் அமைப்பு வாதாடியது. 1986 சூனில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. தோற்ற வழக்கிலிருந்துதான் சட்டம் பிறந்தது: அதே ஆண்டு அக்டோபரில் நாடாளுமன்றம் விமானப் பயணத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 2006-இல் வந்து 2008 சூலையில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அங்கே ஒரு முக்கிய வேறுபாடு. உதவி செய்யும் பொறுப்பை நிலைய நிர்வாகத்திடமே கொடுத்தார்கள். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அது பெரும்பாலும் விமான நிறுவனத்தின் தலையில் இருக்கிறது. நிறுவனம் அதை ஓர் ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிடும். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருப்பவர் யாருடைய ஆள் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று பதில் வராது.

இந்தியாவின் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் இரயில், பேருந்து, கப்பல், விமானம் எல்லாவற்றையும் எளிதில் அணுகத்தக்கதாக மாற்ற வேண்டும் என்றது. கூடவே, பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்று ஒரு வால். அந்த வாலைப் பிடித்துக்கொண்டு பத்து ஆண்டுகள் ஓடிவிட்டன. 2007-இல் சென்னை வித்யாசாகர் அமைப்பைச் சேர்ந்த ராஜீவ் ராஜன், பெருமூளை வாதம் உள்ளவர், டெல்லி செல்லச் சென்னை நிலையத்துக்கு வந்தபோது, துணைக்கு ஆளில்லாமல் ஏற்ற முடியாது என்று மறுத்தார்கள். அவர் விடவில்லை. 2008 மே 1 அன்று விமானப் போக்குவரத்து இயக்ககம் முறையான விதிகளை வெளியிட்டது. நம் சென்னைக்காரர் ஒருவரின் பிடிவாதத்துக்கு இதில் பங்குண்டு என்பதை எத்தனை பேர் அறிவோம்?

விதி இருந்தால் போதுமா? 2012 பிப்ரவரி 19 அன்று கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு, ஊனமுற்றோர் உரிமை பற்றிய மாநாட்டுக்கே போய்க்கொண்டிருந்த ஜீஜா கோஷ் என்பவரை, இருக்கையில் அமர்ந்த பிறகு ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவருக்கும் பெருமூளை வாதம்தான். அந்த ஆண்டே ஆராய்ச்சிக் குழு அமைந்து, 2014 பிப்ரவரியில் விதிகள் திருத்தப்பட்டன. 2016 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் 10 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. இரக்கத்தை அல்ல, கண்ணியத்தைப் பற்றிப் பேசிய தீர்ப்பு அது. அதன்பின் புதிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் நிறைவேறியது. 2022 மே மாதம் ராஞ்சியில் சிறப்புத் தேவை உள்ள ஒரு சிறுவனை ஏற்ற மறுத்த விவகாரத்தில் 5 லட்ச ரூபாய் அபராதம் விதித்து, நிலையத்து மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் நிறுவனமே முடிவெடுக்கக் கூடாது என்று விதியைத் திருத்தினார்கள்.

சோதனைச் சாவடி தனிக்கதை. சுதா சந்திரன் என்ற நடனமணியை நம் தலைமுறைக்குத் தெரியும். 1981-இல் விபத்தில் ஒரு காலை இழந்து, ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு மீண்டும் ஆடியவர். அவர் கதையைத்தான் தெலுங்கில் ‘மயூரி’ என்று எடுத்தார்கள், அவரே நடித்தார். எங்கள் ஊரில் பார்க்காத ஆளில்லை. அவர் 2021 அக்டோபரில், ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று காணொளியில் மனம் நொந்து பேசினார். பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. திரையிலே கைதட்டிய கால், சாவடியிலே தட்டில் வைக்க வேண்டிய பொருளாகிவிட்டது.

நம் வீட்டுப் பெரியவர்கள்

இனி சொல்வது நமக்கே கொஞ்சம் கசக்கும். நம்மில் பலர் அம்மா அப்பாவுக்குப் பயணச்சீட்டு எடுக்கும்போது சக்கர நாற்காலியும் கேட்டுவிடுகிறோம். கால் நன்றாயிருந்தாலும் கேட்கிறோம். இறங்குகிற இடத்தில் யாராவது கையைப் பிடித்துக்கொண்டுபோய்க் குடிவரவு அதிகாரி முன் நிறுத்த வேண்டுமே என்ற பயம். என் அம்மா முதல்முறை வந்தபோது நானும் அப்படித்தான் பதிந்தேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி கேட்டாராம், உங்களுக்குக் காலில் என்ன என்று. “கால் நல்லாத்தாம்மா இருக்கு, பாஷைதான் நடக்க மாட்டேங்குது” என்றாள் அம்மா. விமான வாசலில் வரிசையாய் நிற்கும் நாற்காலிகளை நான் ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். 38 இருந்தன. உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர், மறுமுனையில் பேரப்பிள்ளையைக் கண்டதும் எழுந்து ஓடினார்கள்.

இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. வழி தெரியாமல், எழுத்துப் புரியாமல், பதினாறு மணி நேரம் உட்கார்ந்து வீங்கின காலோடு நிற்கும் எழுபது வயதுப் பெண்ணுக்கு உதவி கேட்க வேறு கதவு எங்கே இருக்கிறது? மொழி தெரியாதவருக்குத் துணை என்று ஒரு சேவையைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளிச்சம் போட்டுக் காட்டுவதில்லை. இருக்கிற ஒரே கதவில் எல்லோரும் நுழைகிறார்கள். ஆனால் நாற்காலி எண்ணி வைத்த பொருள். 2024 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் மும்பை வந்திறங்கிய முதிய தம்பதி இருவருக்கும் நாற்காலி பதிந்திருந்தது; கிடைத்தது ஒன்றுதான். மனைவியை அதில் உட்கார வைத்துவிட்டு, 80 வயதுக் கணவர் கூடவே நடந்தார். குடிவரவுப் பகுதியில் சரிந்து விழுந்தவர் பிழைக்கவில்லை. இயக்ககம் நிறுவனத்துக்கு 30 லட்ச ரூபாய் அபராதம் விதித்தது. நம்மைப் போல் ஒரு பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பயணமாக அது இருந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்குப் பல நாள் போகவில்லை.

என் அம்மாவுக்கு இப்போது உண்மையிலேயே மூட்டு போய்விட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடைவழி நிலையம் ஒன்றில், அடுத்த விமானத்துக்கு நேரமிருக்கிறது என்று அவளை ஒரு மூலையில் நிறுத்திவிட்டுத் தள்ளி வந்த பையன் போய்விட்டான். இரண்டரை மணி நேரம். கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்க அவளிடம் வார்த்தை இல்லை. கடைசியில் மதுரைப் பக்கத்துத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, “என்னங்கம்மா, போகணுமா?” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பையனை நான் திட்டவில்லை. இங்கேயும் நாற்காலி தள்ளுகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல வந்து குடியேறியவர்கள், ஒப்பந்தக் கூலிக்கும் பயணிகள் தரும் சில்லறைக்கும் ஓடுகிறவர்கள். டோலிக்காரர் நடுக்காட்டில் கூலி உயர்த்திய கதையில் ஆயா சொன்ன வயிறு இவர்களுக்கும் உண்டு.

அன்பர்களுக்கு உதவும் ஒரு செய்தி. சக்கர நாற்காலிக்கு விமான உலகில் மூன்று குறியீடுகள் இருக்கின்றன. டபிள்யூ.சி.எச். என்ற மூன்றெழுத்துக்குப் பின் ஆர் வந்தால், இவர் படி ஏறுவார், நீண்ட தூரம்தான் நடக்க முடியாது என்று பொருள். எஸ் வந்தால் படி ஏற முடியாது, உள்ளே சில அடி நடந்து இருக்கைக்குப் போய்விடுவார். சி என்றால் நடக்கவே முடியாது, இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். நாம் சும்மா ‘வீல்சேர்’ என்று சொன்னால் எளிதான முதல் குறியீட்டைத்தான் பெரும்பாலும் பதிகிறார்கள். அப்படிப் பதிந்த மூட்டுவலிக்காரரைப் பாலமில்லாத நிலையத்தில் படியருகே நிறுத்தி, ஏறுங்கள் என்பார்கள். ஆம்புலிஃப்ட் இருந்தும் வராது, ஏனென்றால் தாளில் அவர் படி ஏறுகிறவர். 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்பது இந்திய விதி. அலிபிரியில் தொடங்கி ரேணிகுண்டா வரை மனிதர்களைப் பிரித்துவந்தது இந்தப் படிதான். அதை மூன்று எழுத்தில் அடக்கியிருக்கிறார்கள்.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் பற்றிய அரசின் விதியொன்று வெறும் பரிந்துரைகளின் தொகுப்பாக இருப்பதால் செல்லாது என்று கூறி, கட்டாயமான குறைந்தபட்சத் தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்கச் சொன்னது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வால் இப்படி முப்பது ஆண்டு கழித்தும் நீதிமன்றத்தில் அறுபட வேண்டியிருந்தது.

போன முறை அம்மாவை ஊருக்கு அனுப்பியபோது எஸ் என்ற குறியீட்டைக் கேட்டு வாங்கிப் பதிந்தேன். ஒவ்வோர் இடத்திலும் சரியாக நடந்தது. ரேணிகுண்டாவில் தம்பி வாசலிலேயே காத்திருந்தான். வாடகைக் கார் கிடைக்கவில்லை என்று திருப்பதிப் பேருந்து நிலையத்துக்கு ஆட்டோவில் அழைத்துப் போயிருக்கிறான். சித்தூருக்கு 70 கிலோமீட்டர் போகிற பேருந்து நின்றுகொண்டிருந்தது. முதல் படி அம்மாவின் முழங்காலுக்கு மேலே இருந்தது. நடத்துனரும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்களாம்.